போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் ‘ஜியோகாடி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னணு இசையில் ஆர்வம் உள்ளவர்களுக்கெல்லாம் போர்ட்ஸ் ஆஃப் கனடா இசைக்குழுவின் ‘ஜியோகாடி’ ஆல்பத்தைப் பரிந்துரைப்பது என் வழக்கம். கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். சிலருக்குத் தங்கள் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதோ என்ற கவலை. சிலருக்கு இது சாத்தான் வழிபாட்டு இசையோ என்ற கலக்கம். அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. சிக்கலானவை பின்னால் இருக்கின்றன.

பெயரைப் பார்த்தால் கனடாக்காரர்கள் போலிருக்கிறது. யார் இவர்கள்?

ஸ்காட்லாந்துக்காரர்கள். மைக்கேல் சாண்டிசன், மார்கஸ் இயோன் என்ற இருவர். சிறுவயதில் அவர்களுடைய குடும்பம் சில காலம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வசித்தது. அப்போது பார்த்த, கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் கல்விப் படங்கள் மனதில் தங்கிவிட்டன. இசைக்குழுவின் பெயர் அந்த வாரியத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். 1939இல் அந்த வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்த ஜான் கிரியர்சன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். படச்சுருளின் ஒலிப் பகுதியிலேயே கீறியும் வரைந்தும் செயற்கை ஒலிகளை உண்டாக்கிய நார்மன் மெக்லாரனும் அங்கே பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர்தான். மைக்கேல், மார்கஸ் இருவரின் இசைக்கு அந்த வாரியம் தாய்வீடு என்றே சொல்லலாம்.

மைக்கேலும் மார்கஸும் உடன்பிறந்தவர்கள். இதை நெடுங்காலம் வெளியில் சொல்லாமல் இருந்து, 2005இல் ஒரு பேட்டியில்தான் வெளிப்படுத்தினார்கள். எடின்பரோவுக்குத் தெற்கே பென்ட்லண்ட் குன்றுகள் பக்கம் ஸ்டூடியோ வைத்து, வெளிச்சத்துக்கு வராமல் வேலை செய்கிறவர்கள். ‘ஜியோகாடி’ வந்தபோதும் உலகச் சுற்றுப்பயணம் எதுவும் செய்யவில்லை.

இது இரண்டாவது ஆல்பம்தானா? அதற்கு முன்பே நிறைய வெளியிட்டிருக்கிறார்களே?

முழுநீள ஸ்டூடியோ ஆல்பம் என்ற கணக்கில் இரண்டாவது. 1995இல் ‘டூயிசம்’, 1996இல் ‘பாக் மேக்ஸிமா’ ஆகியவற்றைத் தாங்களே மிகக் குறைந்த பிரதிகளில் வெளியிட்டு நண்பர்கள் வட்டாரத்தில் கொடுத்தார்கள். 1996இலேயே மான்செஸ்டரின் ஸ்காம் நிறுவனம் ‘ஹை ஸ்கோர்ஸ்’ என்ற சிறு தொகுப்பை வெளியிட்டது. உலகம் அவர்களை அறிந்தது 1998இல், ‘மியூசிக் ஹேஸ் த ரைட் டு சில்ட்ரன்’ வழியாக. அதுதான் முதல் ஆல்பமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு பாடல்கள் கொண்ட சிறு தொகுப்பு ஒன்று வந்தது. ‘ஜியோகாடி’ 2002 பிப்ரவரியில் வார்ப் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

அந்த நான்கு பாடல் தொகுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘1969’ பற்றிய கேள்வியில் அதற்குத் திரும்பி வருவோம்.

‘ஜியோகாடி’ என்றால் என்ன பொருள்?

சில சொற்களைச் சேர்த்து அவர்களே உருவாக்கிய பெயர் இது. தங்களுக்கென்று ஒரு பொருள் உண்டு என்றும், கேட்பவர்கள் தங்களுக்குப் பிடித்த பொருளை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

இதில் பாடகரே இல்லையா? நடுநடுவே பேசுகிற குரல்கள் யாருடையவை?

வழக்கமான பொருளில் பாடகர் கிடையாது. குரல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை இசைக்கருவிகளைப் போலப் பயன்படுத்துகிறார்கள். ‘மியூசிக் ஈஸ் மேத்’ தொடங்கிய சற்று நேரத்தில் ‘நிகழ்காலத்துக்குள் கடந்தகாலம்’ என்ற பொருள்பட ஒரு குரல் சொல்லிவிட்டுப் போகிறது. ஆல்பம் முழுவதற்கும் அதை முகவுரையாகவே எடுத்துக்கொள்ளலாம். ‘எனர்ஜி வார்னிங்’கில் ஒரு சிறுவன் எரிசக்தி விரயத்தைப் பற்றிப் பள்ளியில் ஒப்பிக்கும் தொனியில் பேசுகிறான். ‘டேன்டிலியன்’ துணுக்கில் கடலுக்கடியில் எரிமலைக் குழம்பு எப்படிப் பாய்கிறது என்று கம்பீரமாக விளக்குகிறவர் நடிகர் லெஸ்லி நீல்சன். பின்னாளில் நகைச்சுவைப் படங்களால் புகழ்பெற்ற அதே நீல்சன்தான். ஓர் ஆவணப்படத்துக்கு அவர் கொடுத்த வர்ணனை அது.

இந்தக் குரல்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லாமே பழைய கல்விப் படங்களிலும் பள்ளி வகுப்பிலும் ஒலித்த, நம்பச் சொல்லும் குரல்கள். அவற்றை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்து, பின்னணியில் ஓர் அபசுரத்தை மெல்ல ஓடவிடுகிறார்கள். அந்த நொடியில் நம்பிக்கை போய்விடுகிறது.

ஒலி அலைகிறது, சுதி நிற்கவில்லை. என் ஸ்பீக்கரில் கோளாறா, இல்லை பதிவே மோசமா?

இரண்டும் இல்லை. அது அவர்கள் வேண்டுமென்றே செய்தது, மெனக்கெட்டுச் செய்தது. டேப் ஓடும் வேகம் ஒரே சீராக இல்லாவிட்டால் சுதி நூலிழை அளவில் ஏறி இறங்கும். கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த அலைச்சல் காதிலேயே பதிந்திருக்கும். பலமுறை ஓடி நைந்த டேப்பில் உச்ச ஒலிகள் முதலில் மங்கும், இரைச்சல் கூடும், நடுப்பகுதி மட்டும் கனிந்து நிற்கும். காலத்தின் அந்தத் தேய்மானத்தைத்தான் இவர்கள் இசையமைப்பின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்டார்கள்.

‘ஜூலி அண்ட் கேண்டி’யை எடுத்துக்கொள்வோம். ஊதுகருவியில் வாசித்த மெட்டை ஒரு டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, இன்னொரு டேப் ரெக்கார்டரின் உடலிலேயே பொருத்தப்பட்டிருக்கும் சின்ன மைக்கால் அதைப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவை ஓடவிட்டு முதல் கருவியின் மைக்கில் பிடித்தார்கள். ஒலி கரைந்து காணாமல் போகத் தொடங்கும்வரை இப்படியே மாற்றி மாற்றிச் செய்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தெளிவு போய், கொஞ்சம் இரைச்சலும் அந்த அறையின் முழக்கமும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. எதிரெதிரே வைத்த இரண்டு கண்ணாடிகளுக்குள் உருவம் உள்ளே போகப்போகப் பச்சை படர்ந்து இருள்வதை இதற்கு உவமையாகச் சொன்னார் மைக்கேல். பாடலின் முதல் அரை நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குழந்தைகள் விளையாடும்போது பாடத்தக்க ஒரு மெட்டு, எட்ட முடியாத ஆழத்திலிருந்து வருவது தெரியும்.

எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டதுதானே? இதில் உழைப்பு எங்கே இருக்கிறது?

மேலே சொன்ன கண்ணாடி வேலையை எந்தப் பொத்தானும் செய்து தராது. பழைய சிந்தசைசர்கள் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவிகள்), சாம்ப்ளர் (பதிவான ஒலித் துணுக்குகளை வாசிக்கும் கருவி), டேப் கருவிகள், கையால் வாசித்த வாத்தியங்கள் ஆகியவற்றைக் கலந்து, ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியாத அளவுக்குப் பழுதாக்கிப் பயன்படுத்தும் முறை அவர்களுடையது. இந்த ஆல்பத்துக்காக ஏறத்தாழ 400 இசைத் துணுக்குகளையும், முழுமையான 64 பாடல்களையும் உருவாக்கி, அவற்றிலிருந்து 22ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள் (ஆல்பத்தின் 23ஆவது வெறும் மௌனம், அதைப் பற்றிப் பின்னால்). மூன்று பாடல்களுக்கு இரண்டைத் தள்ளுபடி செய்கிற கறார் அது. உழைப்பு எங்கே என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

23 பாடல்கள் என்கிறது அட்டை. பல துணுக்குகள் ஒரு நிமிட அளவில் முடிந்துவிடுகின்றன. வேண்டுமானால் தாண்டிக் கேட்கலாமா?

தயவுசெய்து தாண்டாதீர்கள். இந்தத் துணுக்குகள் இடம் நிரப்ப வந்தவை அல்ல. ‘ஐ சா ட்ரோன்ஸ்’ அரை நிமிடம்கூட இல்லை. ஆனால் அதற்கு முன் வருவது ‘ஆல்ஃபா அண்ட் ஒமேகா’ என்ற ஏழு நிமிடப் பாடல், பின் வருவது ‘தி டெவில் ஈஸ் இன் த டீட்டெய்ல்ஸ்’. நடுவில் அந்த அரை நிமிடம் தரையை உருவிக்கொள்வதால்தான் அடுத்த பாடல் அப்படி அச்சுறுத்துகிறது. இடமாற்றிப் போடும் ஷஃபிள் வசதியையும் இதே காரணத்துக்காக அணைத்துவிடுங்கள்.

முதல் முறை கேட்பவர் முழுதாகக் கேட்க நேரம் இல்லை என்றால், ‘மியூசிக் ஈஸ் மேத்’, ‘சன்ஷைன் ரெக்கார்டர்’, ‘1969’, ‘டான் கோரஸ்’ ஆகிய நான்கையும் கேட்டுப் பார்க்கலாம். என் பார்வையில் ‘டான் கோரஸ்’ இந்த ஆல்பத்தின் சிகரம். ஆனால் அதன் முழு வெளிச்சமும் புலப்படுவது, அதற்கு முந்தைய ஐம்பது நிமிட இருட்டைக் கடந்து வந்தவருக்குத்தான்.

முதல் ஆல்பம் இனிமையாக இருந்ததே, இது ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது?

இரண்டும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றன: குழந்தைப் பருவத்தின் நினைவு. முதல் ஆல்பம் அந்த நினைவின் வெயிலைக் காட்டியது. இது, அதே வெயிலில் நின்ற குழந்தைக்குப் புரியாமல் போன பெரியவர்களின் உலகத்தைக் காட்டுகிறது: மதக் குழுக்கள், ரேடார்கள், சிற்றலை வானொலியில் வந்த இரகசியச் செய்திகள். திணறவைக்கும், வளைந்து வளைந்து போகும் ஒரு பயணமாகவும், கடைசியில் திறந்த வெளிக்கு வந்து சேர்வதாகவுமே இதை அமைத்தோம் என்ற பொருளில் மைக்கேல் சொல்லியிருக்கிறார்.

நுட்பமாகச் சொன்னால் பயத்துக்குக் காரணம் மெட்டுகள் அல்ல. மெட்டுகள் பெரும்பாலும் எளிமையானவை, சில தாலாட்டுக்கு நெருக்கமானவை. அவற்றுக்கடியில் சற்றே சுதி விலகிய இன்னொரு அடுக்கு ஓடுகிறது. இரண்டும் உரசும்போது காது ஓய்வெடுக்க இடம் கிடைப்பதில்லை. ‘தி பீச் அட் ரெட்பாயின்ட்’ ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ஓர் அழகான கடற்கரையின் பெயரைத் தாங்கியது. அதைக் கேட்டுக்கொண்டு அந்தக் கடற்கரையில் படுத்துறங்க யாராலும் முடியாது.

வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது போடலாமா?

வன்சொற்கள் எதுவும் கிடையாது. ‘தி டெவில் ஈஸ் இன் த டீட்டெய்ல்ஸ்’ மட்டும் சற்றுக் கடினம்: மனத்தளர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அமைதியான பெண்குரலும் குழந்தையின் அழுகையும் கலந்து வரும். பெரியவர்களே எழுந்துபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

கடைசிப் பாடல் ஓடவே இல்லை. என் பிரதி பழுதா?

பழுது இல்லை. 23ஆவதான ‘மேஜிக் விண்டோ’ முழு மௌனம்; ஒன்றே முக்கால் நிமிடம் ஓடும். அதற்கு முந்தைய ‘கோர்சேர்’ நீண்ட ஒரே சுரமாக ஒளிர்ந்து அடங்குகிறது. அது அடங்கிய பிறகு உங்கள் அறையின் ஒலிகள், மின்விசிறி, தெரு, உங்கள் மூச்சு எல்லாம் மெல்லத் திரும்பி வருகின்றன. அதற்காகவே அந்த மௌனத்தை முழுதாக ஓடவிடுங்கள் என்பேன்.

இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. மூன்று தட்டுகள், ஆறு பக்கங்கள். ஆறாம் பக்கத்தில் ஊசி ஓடும் ஒலிக்கோடுகளே கிடையாது. அந்த இடத்தில் ஒரு குடும்பத்தின் படத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். மௌனத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது அடுத்த பதிலில்.

மொத்த நீளம் 66 நிமிடம் 6 விநாடி. 666 என்பது சாத்தானின் எண். இது சாத்தானுக்காகச் செய்த ஆல்பம்தானே?

நீளம் உண்மை. அது தற்செயலும் அல்ல. வார்ப் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் பெக்கெட், ஆல்பத்தைச் சாத்தானே செய்தது என்று கேட்பவர்கள் நினைக்கட்டும் என்று விளையாட்டாகச் சொன்ன யோசனை அது. மேலே சொன்ன மௌனத்தைக் கடைசியில் சேர்த்ததால் கணக்கு 66:06 என்று வந்து நின்றது.

இதற்கு மேல் இதில் ஆழம் தேட வேண்டாம். வெளியீட்டுக்கு முன் லண்டன், எடின்பரோ, பாரிஸ், பெர்லின், நியூயார்க், டோக்கியோ ஆகிய ஆறு நகரங்களில் இந்த ஆல்பத்தை ஒலிக்கவிட்டார்கள். எங்கே தெரியுமா? தேவாலயங்களில். சகோதரர்களும் தாங்கள் எந்தச் சமயத்தையும் பரப்ப வரவில்லை என்பதைப் பேட்டிகளில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

சிடியை மெகாபைட்டில் அளந்தாலும் 666 வருகிறதாமே? அதுவும் விளையாட்டா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் 2 பைட். இடம், வலம் என 2 தடம். ஆக விநாடிக்கு 1,76,400 பைட். 66 நிமிடம் 6 விநாடி என்பது 3,966 விநாடி. பெருக்கினால் 69,96,02,400 பைட். ஒரு மெகாபைட்டுக்கு 10,48,576 பைட் என்ற கம்ப்யூட்டர் கணக்கில் வகுத்தால் 667க்குச் சற்று மேல். பத்து இலட்சம் பைட் என்ற கணக்கில் சுமார் 700. எந்த வழியிலும் 666 வரவில்லை. முதல் வழியில் அருகில் வருகிறது, அவ்வளவுதான்.

66 நிமிடம் ஓடுகிற எந்த சிடியாக இருந்தாலும் அந்த அக்கம்பக்கத்தில்தான் வரும். நிமிடத்தில் வைத்த விளையாட்டு அவர்களுடையது. மெகாபைட் கதை சிடியின் தொழில்நுட்பத்தால் வந்த ஒற்றுமை.

‘பிவேர் த ஃப்ரெண்ட்லி ஸ்ட்ரேஞ்சர்’ எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

டேவிட் ஃபர்த் 2004இல் இணையத்தில் வெளியிடத் தொடங்கிய ‘சாலட் ஃபிங்கர்ஸ்’ அனிமேஷன் தொடரில் கேட்டிருப்பீர்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான இந்தத் துணுக்கு அந்தத் தொடரின் அடையாள இசையாகவே ஆகிவிட்டது. பலருக்கு போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் முதல் அறிமுகமே அதுதான். தலைப்பில் உள்ள ‘சிரித்துப் பேசும் அந்நியன்’ அமெரிக்காவில் 1930களின் கஞ்சா எதிர்ப்புச் சுவரொட்டி ஒன்றில் வருகிறவன்.

‘கைராஸ்கோப்’பில் ஒரு குழந்தை எண்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. அது என்ன கணக்கு?

அது உளவுத்துறைகளின் வேலை. பனிப்போர்க் காலத்தில் சிற்றலை வானொலியில் பெயரில்லாத நிலையங்கள் இருந்தன. ஒரு சிறு இசை ஒலிக்கும். பிறகு ஒரு குரல், சில நிலையங்களில் சிறுமியின் குரல், உணர்ச்சியே இல்லாமல் எண்களை வாசிக்கும். வெளிநாட்டில் இருக்கும் உளவாளி தன் கையில் உள்ள குறிப்பேட்டை வைத்து அவற்றைச் செய்தியாக மாற்றிக்கொள்வார். இத்தகைய ஒலிபரப்புகளைத் திரட்டி ‘தி கோனெட் ப்ராஜெக்ட்’ என்ற தொகுப்பு 1997இல் வந்தது. ‘கைராஸ்கோப்’பின் குரல் அதிலிருந்து எடுத்தது.

இந்தப் பாடலைத் தான் கனவில் கேட்டதாகவும், விழித்ததும் விரைந்து செய்ததால் ஏறக்குறைய கனவில் கேட்டபடியே அமைந்துவிட்டதாகவும் மைக்கேல் சொல்லியிருக்கிறார். வானொலி இந்த ஆல்பம் முழுவதும் மறைந்து ஓடும் சரடு. ‘ஓவர் த ஹொரைசன் ரேடார்’ என்பது வானின் அயனி மண்டலத்தில் அலையை மோதவிட்டு, அடிவானத்துக்கு அப்பால் இருப்பதைக் கண்டறியும் கருவி. ‘டான் கோரஸ்’ விடியற்காலைப் பறவைகளின் கூட்டொலிக்குப் பெயர். பூமியைச் சூழ்ந்த மின்துகள்களால் உண்டாகி வானொலிக் கருவியில் பறவை ஒலி போலவே கேட்கும் ஓர் இயற்கை நிகழ்வுக்கும் அதே பெயர்தான்.

‘தி ஸ்மாலஸ்ட் வியர்ட் நம்பர்’ என்று ஒரு தலைப்பு. அப்படி ஓர் எண் உண்மையிலேயே உண்டா?

உண்டு, 70. கணிதத்தில் இதற்குத் துல்லியமான இலக்கணம் இருக்கிறது. ஓர் எண்ணை மீதமின்றி வகுக்கும் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணைவிட அதிகமாக வர வேண்டும்; ஆனால் அவற்றில் எந்தச் சிலவற்றைத் தேர்ந்து கூட்டினாலும் அந்த எண் சரியாக வரக்கூடாது. 70ஐ வகுப்பவை 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74. நமக்கு 70 வேண்டும் என்றால் 4ஐக் கழிக்க வேண்டும். 1ஐயும் 2ஐயும் சேர்த்து நீக்கினாலும் 3தான் குறைகிறது. அடுத்த எண்ணோ 5. 4ஐக் கழிக்க வழியே இல்லை. 12ஐ எடுத்தால், 1, 2, 3, 4, 6 கூட்டி 16. 4ஐ நீக்கினால் 12 வந்துவிடுகிறது. ஆகவே 12 இந்த வகையில் சேராது. 70க்குக் கீழே எந்த எண்ணும் சேராது.

இவர்களுடைய சொந்த வெளியீட்டுப் பெயர் ‘மியூசிக்70’. இவர்கள் மனம் குடியிருக்கும் பத்தாண்டும் எழுபதுகள்தான். ஒரு நிமிடம் சொச்சம் ஓடும் துணுக்குக்கு இத்தனை அடுக்குகளோடு பெயர் வைக்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

‘ஏ ஈஸ் டு பி ஆஸ் பி ஈஸ் டு சி’ என்பதும் கணக்குதானா?

ஆம், விகிதம். ஒரு கோட்டை இரண்டாக வெட்டுங்கள். முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமே பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் இருந்தால், அந்த விகிதம் சுமார் 1.618, அதாவது பொன் விகிதம். தலைப்பு அந்த உறவைச் சொல்கிறது. ‘தி டெவில் ஈஸ் இன் த டீட்டெய்ல்ஸ்’ பாடலின் மெட்டையும் புகழ்பெற்ற ஒரு சமன்பாட்டை இசையில் பாவனை செய்யும்படி அமைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சமன்பாடு என்று சொல்லவில்லை. பலரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கணிதம் தெரியாவிட்டால் ஆல்பம் புரியாதோ என்று கவலைப்பட வேண்டாம். இவையெல்லாம் கட்டியவர்கள் தங்கள் ஒழுங்குக்காகப் போட்டுக்கொண்ட சாரம். அட்டையில் திரும்பத் திரும்ப வரும் அறுகோணங்களும் அப்படித்தான்.

‘1969’ பாடலைத் திருப்பி ஓட்டினால் ஏதோ ஒரு மதக்குழுவின் பெயர் வருகிறதாமே?

வருகிறது. டேவிட் கோரெஷின் சீடர் இல்லாவிட்டாலும் பிராஞ்ச் டேவிடியன் சபையில் பற்றுள்ளவள் என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் அது. கோரெஷ் தலைமையிலான அந்தச் சபையினர் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகருக்கு அருகே ஒரு பண்ணை வளாகத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1993 பிப்ரவரி 28இல் அரசுப் படையினர் சோதனையிடச் சென்றபோது துப்பாக்கிச் சண்டை மூண்டது. 51 நாள் முற்றுகைக்குப் பின் ஏப்ரல் 19இல் வளாகம் தீப்பற்றி எரிந்தது. கோரெஷும் குழந்தைகள் உட்படப் பலரும் அன்று மாண்டார்கள்.

இரண்டாவது கேள்வியில் நினைவில் வைக்கச் சொன்ன 2000ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயர்ப் பாடலில், ஊரகத்தில் ஓர் அழகான இடத்தில் எங்கள் மதச் சமூகத்தோடு வந்து வாழுங்கள் என்று இயந்திரக் குரல் ஒன்று அழைக்கும். அதுவும் இதே நிகழ்ச்சியின் நிழல். அங்கே அழைப்பு, இங்கே புதைந்துபோன குரல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மனம் கனக்கும்.

அப்படியானால் அந்தக் குழுவை ஆதரிக்கிறார்களா? ஏன் நேராகச் சொல்லாமல் திருப்பிப் போட வேண்டும்?

ஆதரவு என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. இதுவரை சொன்னவற்றைச் சேர்த்துப் பாருங்கள்: கல்விப் படத்தின் வர்ணனை, சிறுமி வாசிக்கும் எண்கள், மனத்தளர்வுப் பயிற்சியின் குரல், சபையின் அழைப்பு. எல்லாமே கேட்பவரைத் தன்வசம் இழுக்கும் குரல்கள். குரல் எப்படி மனிதனை ஆள்கிறது என்பதுதான் இந்த ஆல்பத்தின் அடிப்படைக் கேள்வி என்று நான் கருதுகிறேன். ‘1969’இன் மேல்தளத்தில் அந்த ஆண்டின் வெயிலைப் பற்றிய வரி தெளிவாகவே மிதக்கிறது, அன்பும் சமாதானமும் பேசிய தலைமுறையின் ஆண்டு அது. அந்தக் கனவுகளில் சில எங்கே போய் முடிந்தன என்பதை அடித்தளம் சொல்கிறது.

திருப்பி ஓட்டுவதற்குக் காதின் இயல்பே காரணம். மணியைத் தட்டினால் ஒலி சட்டென எழுந்து மெல்ல மறையும். உலகத்தில் பெரும்பாலான ஒலிகள் அப்படித்தான். திருப்பி ஓட்டும்போது ஒலி எங்கிருந்தோ வீங்கி வந்து பொட்டென்று அறுந்துபோகிறது. பேச்சு என்று காதுக்குத் தெரியும், எந்த மொழி என்று தெரியாது. அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் அவர்களுக்கு வேண்டியது.

இதற்குப் பிறகு எதைக் கேட்பது?

2005இல் வந்த ‘தி கேம்ப்ஃபயர் ஹெட்ஃபேஸ்’ கிட்டார் கலந்தது, வெளிச்சமானது. இந்த இருளிலிருந்து வெளியே வர விரும்பினால் அது. இருளே பிடித்திருந்தால் 2013இன் ‘டுமாரோஸ் ஹார்வெஸ்ட்’. அதில் வறண்ட, ஆளற்ற நிலத்தின் அச்சம். ஆனால் முதலில் 1998 ஆல்பத்துக்குப் போய்விட்டு வாருங்கள். ‘ஜியோகாடி’ எதை நிறம் மாற்றியது என்பது அப்போதுதான் விளங்கும்.

பலமுறை கேட்ட பிறகு முன்பு இல்லாத குரல்களெல்லாம் கேட்கின்றன. அவை உண்மையில் இருக்கின்றனவா, என் கற்பனையா?

இரண்டுமே நடக்கும். தெளிவற்ற ஒலி கிடைத்தால் மூளை அதில் சொற்களைத் தேடும். யாராவது ‘இங்கே இந்த வார்த்தை வருகிறது’ என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டால் அந்த வார்த்தை வந்தே தீரும். இணையத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி உலவும் இரகசியச் செய்திகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. ‘1969’இன் வாக்கியம் வேறு வகை: முன்பின் தெரியாதவர் கேட்டாலும் பெயர்கள் பிடிபடுகின்றன.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகமான பகுதியை, ‘யூ குட் ஃபீல் த ஸ்கை’யின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்வோம், அதைப் பற்றி எதுவும் படிக்காத இரண்டு பேருக்குத் தனித்தனியே போட்டுக்காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இருவரும் ஒரே சொல்லை எழுதினால் அது பெரும்பாலும் பதிவில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எழுதினால் டேப்பில் இருப்பது ஒலி மட்டுமே, சொல் அவரவருடையது. ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள், ஒலியை மிதமாக வைக்கச் சொல்லுங்கள், முக்கியமாக இந்தப் பக்கத்தை அவர்களிடம் முன்கூட்டிக் காட்டிவிடாதீர்கள்.